பொட்டு வைக்காத இன்ஜின்

மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் நல்ல நாள் பார்த்து, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த வீட்டுக்காரனும் தரையைக் கழுவி, குடிகாரத் தம்பியை வெளியூருக்கு அனுப்பிவிட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். இவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு நல்ல குடும்பம் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நான் ஆயுத பூஜையன்று போவேன். சொல்லாமல் போவேன்.

அன்றைக்குத்தான் ஒரு வீட்டில் இருப்பதெல்லாம் வெளியே வரும். அரிவாள்மணை, சுத்தியல், ஸ்கூட்டர், பேனா என்று எவன் எதை வைத்துப் பிழைக்கிறானோ அது சந்தனப் பொட்டோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும். காடாம்புலியூர் பையன் ஒருவனை அப்படித்தான் பிடித்தேன். அம்மா இல்லாத பையன், அப்பாவும் அவனும்தான் என்றார்கள். பூஜையில் ஒரு தையல் மெஷின் இருந்தது. பொம்பளையே இல்லாத வீட்டில் இது யாருடையது என்று கேட்டேன். அப்பனும் மகனும் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்தார்கள். பையனுடைய முதல் சம்சாரத்துடையதாம். அப்படி ஒருத்தி இருந்ததை எங்களுக்குச் சொல்லவே இல்லை.

பெண் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் தங்கை பட்டம்மாளின் ஒரே மகள் சத்யப்பிரியா. தகப்பன் இல்லை. கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தாய்மாமன் நான் சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம். காடாம்புலியூர் கதை முடிந்து, அடுத்ததாகச் சிதம்பரத்தில் ஒரு இடம் வந்தபோது அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"கறுப்பா இருக்கட்டும், சொட்டையா இருக்கட்டும் மாமா. மறைக்கிறவன் மட்டும் வேணாம். இந்தச் சிதம்பரம் எடமும் அப்பிடின்னா, அதோட விட்டுடுங்க. இனிமே எனக்குப் பாக்காதீங்க."

அது 2007 ஆயுத பூஜை. முதுநகரில் இருக்கிற என் பழைய இரும்புக் கடையில் விடிகாலையிலேயே தராசுக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்துவிட்டு, சிதம்பரம் பஸ் பிடித்தேன். ரயிலில் போகலாம் என்றால் ரயில் ஏது? அகலப்பாதை போடுகிறோம் என்று இருந்த தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்குவது மட்டும் நம் ஆட்களுக்குச் சுறுசுறுப்பாக வரும்.

சிதம்பரத்தில் வண்டிகேட் பக்கம் மாடி வீடு. பையனின் அப்பா தில்லைநாதன் தாலுகா ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். என்னைப் பார்த்ததும் துண்டைத் தேடினார்.

"வாங்க சம்மந்தி! ஒரு போன் போட்டிருந்தா பையன பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிருப்பேனே!"

பாக்கு வெற்றிலைகூட மாற்றவில்லை, அதற்குள் சம்பந்தி. நான் பூஜை போட்டிருந்த இடத்தைப் பார்த்தேன். மிக்சி, கிரைண்டர், தையல் ஊசிப் பெட்டி, ஒரு மண்வெட்டி. பையன் பங்குக்கு ஒரே ஒரு பேனா. பையன் பெயர் செம்பியன், பேங்கில் வேலை, முப்பது வயது. முப்பது வயது ஆம்பளைக்கு வீட்டில் ஒரு பேனாதான் சாமான் என்றால், ஒன்று அவன் சோம்பேறி, இல்லை எதையோ ஒளித்து வைத்திருக்கிறான்.

மாடிப்படிக்கு மேலே ஒரு கதவு. பூட்டு தொங்கியது. ஆயுத பூஜையன்று பூட்டிய கதவு! படியருகில் போய் நின்றேன். ஈயம் பற்ற வைக்கிற ஆசிட் நெடி. என் கடையில் நாள் முழுக்க இருக்கிற நெடி அது. பேங்கு குமாஸ்தா வீட்டில் அதற்கு என்ன வேலை? போலி நகையா, சிலைக் கடத்தலா என்று என் மனசு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது.

"மேல என்ன ரூமு?"

"அது சும்மா, பழைய சாமான் சம்மந்தி."

"பழைய சாமானா? அதான் என் தொழிலே. தொறங்க, பாப்போம்."

தில்லைநாதன் முகம் சுருங்கிப்போனது. அவர் சம்சாரம் மலர்க்கொடி, "சொல்லிடுங்களேன், என்னைக்கு இருந்தாலும் தெரியப் போவுது" என்றாள். "நீ வாய மூடு" என்றார். அதற்குள் அந்தப் பையன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினான். ஒல்லிப் பையன், சோடாபுட்டிக் கண்ணாடி.

உள்ளே ஒரு மேசை. மேசை முழுக்க முள் பிடுங்குகிற மாதிரிச் சாமணம், தலைமுடி மாதிரி டிரில் ஊசிகள், சால்டரிங் அயர்ன், பூதக்கண்ணாடி. நடுவில் ஒரு ரயில் இன்ஜின். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். கன்னங்கரேல் என்று இருந்தது.

கடத்தல்காரனாக இருந்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும்.

"என்னா தம்பி இது?"

"ஒய்.பி. இன்ஜின் மாமா. நம்ம மீட்டர் கேஜ் லைன்ல ஓடுச்சே, கரி இன்ஜின், அது."

"ஓடுமா?"

"மோட்டார் வெச்சிருக்கேன், ஓடும். தண்டவாளம்தான் இன்னும் போடல."

"ரயில்வேக்காரனும் அதத்தான் சொல்றான்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எப்படிச் செய்தாய் என்று கேட்டதுதான் தப்பு. அதுவரை ஊமை மாதிரி இருந்தவன் வாய் ஓயவில்லை. இங்கிலாந்தில் இருந்து தபாலில் பித்தளைத் தகடு வருமாம். தகட்டில் இன்ஜினின் ஒவ்வொரு உறுப்பையும் ஆசிட் வைத்து அரித்திருப்பார்களாம். வெட்ட வேண்டிய இடத்தில் முழுசாக, மடிக்க வேண்டிய இடத்தில் பாதி ஆழம். இவன் பிளேடால் வெட்டி, மடித்து, ஈயம் பற்ற வைக்க வேண்டுமாம். காசு கொடுத்து வாங்கிய பொருளைச் செய்துதராமல் தகடாக அனுப்புகிறான் வெள்ளைக்காரன். அதற்கும் நம் ஆள் நன்றி சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறான்.

கடலைத் தோல் மாதிரி ஒன்று மேசையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன்.

"மாமா, மாமா, மெதுவா! அது பிரேக் கட்டை. கீழ வுழுந்தா கெடைக்காது. பித்தளை, காந்தத்துலயும் ஒட்டாது."

இன்ஜினின் வயிற்றில் வரிசையாகப் பொடிப்பொடியாக ரிவெட் ஆணித் தலைகள். அத்தனையும் தகட்டின் பின்பக்கம் ஊசியால் குத்திக் குத்தி எழுப்பியதாம். எத்தனை என்று கேட்டேன். தெரிந்து வைத்திருந்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு நிஜ இன்ஜினுக்கு ரிவெட் அடித்தவன்கூட எண்ணியிருக்க மாட்டான்.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று சொன்னான். பளபளவென்று இருக்கிற பித்தளைக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறான். சரி, ஒழியட்டும். அந்தப் புதுப் பெயிண்டின் மேல் அழுக்கு பூசுகிறான்! சக்கரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, பாய்லர் ஓரத்தில் உப்புத்தண்ணி வழிந்த வெள்ளைக் கறை, புகைபோக்கியைச் சுற்றிக் கரி. எல்லாம் சின்னத் தூரிகையால். என் கடையில் துருவைச் சுரண்ட ஆள் வைத்திருக்கிறேன். இவன் துருவை வரைகிறான்.

"எவ்ளோ நாளா இந்த வேல?"

"இது மூணு வருஷமா மாமா."

"பூட்டு எதுக்கு?"

தில்லைநாதன்தான் முந்திக்கொண்டார். "பொம்ம வெச்சி வெளையாடற பையன்னு ரெண்டு எடம் தட்டிப்போச்சு சம்மந்தி. கல்யாணம் முடியற வரைக்கும் பூட்டி வைடான்னு நாந்தான் சொன்னேன். கல்யாணம் ஆனா தானா வுட்டுடுவான்."

நான் பையனைக் கேட்டேன். "அப்பா சொன்னா பூட்டிடுவியா?"

தரையைப் பார்த்துக்கொண்டு, "ம்" என்றான்.

பொம்மையைக்கூட மன்னித்திருப்பேன். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை. அப்பன் சொன்னால் இன்றைக்கு ரயிலைப் பூட்டுவான், நாளைக்கு என் பெண்ணைப் பூட்டுவான். சத்யப்பிரியாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் கிடைத்துவிட்டது என்று திரும்பினேன்.

அப்போது மலர்க்கொடி சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக வந்து நின்றாள்.

"தொறந்தது தொறந்தாச்சு. இந்த வருஷமாவது ஒரு பொட்டு வெச்சிடறேன்டா."

"அம்மா, வேணாம்மா. நேத்துதான் வார்னிஷ் அடிச்சேன், காயல. சந்தனம் பெயிண்ட தின்னுடும்."

"வருஷா வருஷம் ஒரு குண்டூசி வுடாம பொட்டு வெக்கறேன். இது மட்டும் மூளியா கெடக்குது. அதான் ஒனக்கு எதுவும் அமைய மாட்டேங்குது." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தில்லைநாதனுக்கு இதில் ஒரு வழி தெரிந்துவிட்டது. என்னைக் குளிர வைக்கிற வழி. கிண்ணத்தை வாங்கி என்னிடம் நீட்டினார். "சம்மந்தி, நீங்க பெரியவங்க. ஒங்க கையால வெச்சிடுங்க. அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

எனக்கும் அதுதான் தோன்றியது, அவன் ஒன்றும் சொல்ல மாட்டான் என்று. விரலைச் சந்தனத்தில் தோய்த்துக் குனிந்தேன்.

என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

பிடி ஒன்றும் பலமில்லை. ஆனாலும் என் வயசுக்கு எவனும் என் கையைப் பிடித்ததில்லை. பெண் கொடுக்க வந்த தாய்மாமன் கையை மாப்பிள்ளை பிடித்துத் தடுத்தான் என்று எந்த ஊரிலும் நான் கேள்விப்பட்டதும் இல்லை.

"டேய்! யாரு கையடா புடிக்கிற? வுடுடா நாயே!" தில்லைநாதன் கத்தினார்.

அவன் விடவில்லை. "வேணாம் மாமா. வெச்சீங்கன்னா மறுபடியும் முழுசா சொரண்டணும். பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா பரவால்ல, இதுல கை வெக்காதீங்க."

"பேசறான் பாரு, பேசறான் பாரு" என்று அப்பன் குதித்தார்.

"அப்பா, கொஞ்சம் இருங்க." அவன் என்னைப் பார்த்துச் சொன்னான். "பொண்ணு கிட்டயே சொல்லிடுங்க மாமா. ரூம பூட்டி வெச்சிருந்தான், அப்பா சொன்னாருன்னு ஒத்துக்கிட்டான்னு சொல்லுங்க. இத வுடவும் மாட்டான்னு சொல்லுங்க. கல்யாணத்துக்கு அப்பறம் தெரிஞ்சி வருத்தப்பட வேணாம்."

அதற்குப் பிறகுதான் கையை விட்டான். விரலில் இருந்த சந்தனத்தைக் கதவு நிலையில் தேய்த்துவிட்டுப் படியிறங்கினேன். தில்லைநாதன் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே வந்தார். சின்னப் பையன், பெரிய மனசு பண்ணுங்க என்றார். முப்பது வயதில் சின்னப் பையனாம்.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டில் அம்மாவும் பெண்ணும் பொரியும் கடலையும் கலந்து டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று விடாமல் சொன்னேன். பட்டம்மாள் நெஞ்சில் கை வைத்தாள்.

"ஒங் கையப் புடிச்சானா? மரியாத தெரியாத குடும்பம் நமக்கு வேணாம்ணே. பித்தளைய ஒட்டிக்கினு ரூமுலயே கெடப்பான், இவ செவுத்தப் பாத்துக்கினு கெடக்கணும்."

சத்யப்பிரியா என்னைக் கேட்டாள். "என்கிட்ட சொல்லச் சொல்லி அவரே சொன்னாரா மாமா? இல்ல, நீங்க கேட்டு வாங்கினீங்களா?"

"அவந்தான் சொன்னான். நான் எதுக்குக் கேக்கப் போறேன்?"

"அந்த இன்ஜின் நல்லாருந்துச்சா?"

"நல்லாருந்தா என்னா, நாறினா என்னா? அழுக்கு மூட்ட. ஒரு கிலோகூடத் தேறாது."

"நல்லாருந்துச்சான்னு கேட்டேன்."

பொய் சொல்லிப் பழக்கமில்லை. "இருந்துச்சு. நிஜ இன்ஜின் தூரத்துல நிக்கிற மாதிரி இருந்துச்சு."

அவள் டப்பாவை மூடினாள். "வந்தவன் போனவன் எல்லாம் மாமாவுக்கும் அம்மாவுக்கும்தான் பதில் சொன்னான். எனக்குன்னு ஒருத்தர் சொல்லி அனுப்பினது இப்பத்தான். சரின்னு சொல்லிடுங்க."

"பொம்ம ரயிலு கூடக் குடும்பம் நடத்துவியா?"

"பூட்டினதையும் மறைக்கலேல்ல. நடத்திக்கறேன்."

பட்டம்மாள் அழுதாள், திட்டினாள், பிறகு சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் போனை எடுத்தேன். அந்தப் பக்கம் தில்லைநாதன்தான். என் குரல் கேட்டதும் மூச்சு விடாமல் பேசினார்.

"சம்மந்தி, மனசுல எதுவும் வெச்சிக்காதீங்க! அந்த எழவ எல்லாம் மூட்ட கட்டி வாசல்ல வெச்சிட்டேன். பையன் சோறு திங்காம ஒக்காந்துருக்கான், கெடக்கட்டும். காலைல ஒங்க கடைக்கே எடைக்கு அனுப்பிடறேன்."

"யோவ், அத அவுத்து மேசையில வைய்யா மொதல்ல. எதுனா ஒண்ணு வளைஞ்சிருந்தாலும் பொண்ணு கெடையாது."

"அப்ப பொண்ணு...?" என்று இழுத்தார்.

"பையன சாப்புடச் சொல்லிட்டு, நிச்சயத்துக்கு நாள் பாரு."

"சரிங்க சம்மந்தி" என்றார். மூட்டை கட்டும்போதும் அவருக்கு அது சரியாகத்தான் இருந்தது, அவிழ்க்கச் சொன்னபோதும் சரியாகத்தான் இருந்தது. எதைச் சொன்னாலும் சரி என்கிற ஆளை நான் நம்புவதில்லை. நிச்சயத்தன்று அவர் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளும்படி பட்டம்மாளிடம் சொல்லி வைத்தேன்.