ஒரு காட்சிக்கு ஒரு வரி

அடுக்ககச் சங்கத்துக்கு அன்று தேர்தல். எதிர்த்து நிற்க யாருமில்லை என்றாலும், தலைவருக்கு ஒரு வீடியோ இல்லாமல் ஜெயிக்க மனசு வரவில்லை. அவர் மாப்பிள்ளை கம்ப்யூட்டர்காரர். மறுத்தால் வீட்டில் காபி வராது.

மாப்பிள்ளை எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது குட்டி ப்ரோகிராம், அப்பாவி. டெக்ஸ்ட் ஃபைலில் ஒரு வரி படிக்கும். வீடியோவில் ஒரு காட்சிக்குக் கீழே ஒட்டும். அடுத்த வரிக்குப் போகும். ஆறு காட்சி, ஆறு வரி. சரிபார்த்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அந்த இடைவெளியில் மாமா லேப்டாப் முன் உட்கார்ந்தார். முதல் வரியிலிருந்த "தலைவர்" என்ற ஒற்றைச் சொல் அவருக்குக் கோவணம் கட்டிவிட்டது போலிருந்தது. அதை அழித்துவிட்டு, தட்டினார், என்டர் தட்டினார், மறுபடி தட்டினார். நான்கு பட்டங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக, நான்கு வரிகளில் கம்பீரமாக நின்றன.

"மாப்ள, சின்னதா ஒரு திருத்தம் பண்ணியிருக்கேன். அப்படியே ஓட்டுங்க."

மாப்பிள்ளை ஓட்டினார். கிளம்பும் அவசரத்தில் பார்க்கவில்லை.

கூட்டத்தில் திரை ஒளிர்ந்தது. தலைவர் முகம்: "அடுக்ககச் செம்மல்." கைதட்டல். அடுத்து பொருளாளரான அவர் மனைவி: "அடுத்த தலைவரும் இவரே." தலைகள் அவர் பக்கம் திரும்பின. ஆறு மாதமாக ஓடாத லிஃப்ட்: "ஓயாத உழைப்பாளி." இரைச்சலுக்குப் பேர்போன தண்ணீர் மோட்டார்: "அதிகம் பேசாதவர்." குப்பைத் தொட்டி: "பொருளாளர்." கடைசியாகத் தலைவர், கைகூப்பியபடி: "பழசாகிவிட்டது. விரைவில் மாற்றப்படும்."

சிரிப்பில் இரண்டு நாற்காலிகள் சாய்ந்தன.

"நிறுத்துங்க! மிஷின் தப்பு பண்ணுது!"

"மிஷின் கொடுத்ததைத்தான் படிச்சிருக்கு மாமா," என்றார் மாப்பிள்ளை. "நாலு வரி கொடுத்தீங்க, நாலு காட்சிக்குப் பிரிச்சுக் கொடுத்திருச்சு. மத்த வரியெல்லாம் மூணு காட்சி தள்ளிப் போய், லிஃப்டோட வரி உங்களுக்கு வந்திருச்சு."

மூன்றாம் மாடி டாக்டர் எழுந்தார். "திரையில அம்மா முகத்துக்குக் கீழ வந்தது நல்ல யோசனையாத்தான் இருக்கு. குழாய் ஒழுகினா நாம யாருக்குப் போன் பண்றோம்? சாருக்கா, அம்மாவுக்கா?"

"அம்மாவுக்கு!"

"அம்மா தலைவரா வரணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

கைகள் முளைத்தன. மாப்பிள்ளையும் பக்கத்தில் இருந்த மாமாவைப் பார்க்காமலே தூக்கினார்.

"நீங்களுமா?" என்றார் தலைவர், பல்லைக் கடித்தபடி.

"அத்தை சமைக்கிறாங்க மாமா."

மனைவி திரும்பி, கணவரை ஒரு பார்வை பார்த்தார். சத்தமில்லை, கோபமுமில்லை. வீட்டில் அந்தப் பார்வைக்கு இதுவரை அப்பீல் கிடையாது.

செம்மலின் கை, காதைச் சொறிவது போலப் புறப்பட்டு, மேலே போய் நின்றது.