மெஷினைக் குளிப்பாட்டும் லாரி

எங்கள் ஊரிலேயே சுத்தமான காற்று, பூங்காவின் நடுவில் ஒரு மெஷினைச் சுற்றி நாலடி வட்டத்தில் இருக்கிறது. அதைச் சுவாசிப்பதும் அந்த மெஷின் மட்டும்தான். காற்றில் எவ்வளவு அழுக்கு என்று அளப்பது அதன் வேலை. அழுக்கு அதன் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது என் அக்கா புருஷனின் வேலை.

மாமா நகராட்சித் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். காலையில் முதல் காரியமாக மெஷினைச் சுற்றிச் சாரலாகத் தெளிப்பார். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுகிற பக்குவம். கொஞ்ச நேரத்தில் பூங்கா வாசல் பலகையில் பச்சை எழுத்தில் ‘நன்று’ என்று வரும். இப்படித் தெளிப்பது நகராட்சி அதிகாரியின் உத்தரவு. மாமா ஏன் என்று கேட்டதில்லை.

எங்கள் வீடு இரும்பு உருக்கும் ஆலைக்குப் பின்தெருவில். வெள்ளைச் சட்டை கொடியிலேயே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். நான் கல்லூரிக்கு அதைப் போட்டுக்கொண்டு போய், புது ஃபேஷன் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். மாமாவின் மகள் வாண்டுவால் அப்படிச் சமாளிக்க முடியவில்லை. ஆறு வயது. மாடிப்படி ஏறினாலே நெஞ்சு விசில் அடிக்கும்.

“மருந்து மட்டும் போதாதும்மா. அந்தப் புகையிலிருந்து தள்ளி வைங்க” என்றார் டாக்டர், அக்காவிடம்.

“பலகையில நன்றுன்னு போட்டிருக்கே டாக்டர்” என்றேன்.

“அப்ப பலகைக்கு அடியில படுக்க வைங்க.”

இந்த நிலையில் ஆலை இரண்டாவது புகைபோக்கி கேட்டது. வெள்ளிக்கிழமை ஒரு குழு வரும், அந்த வாரம் முழுக்கப் பலகை பச்சையாக இருந்தால் அனுமதி. அதற்கு முன் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அக்கா எழுந்து வாண்டுவின் மூச்சைப் பற்றிச் சொன்னாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு மைக்கில் சொன்னார்: “தூசி எங்கே அதிகமோ, அங்கே நம் தண்ணீர் லாரி தினமும் போகிறது.”

அக்கா திரும்பி மாமாவைப் பார்த்தாள். மாமா டீ கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அக்கா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ஏங்க, அந்த மெஷினுக்கும் வீசிங்கா?”

“வேலைடி. மேல சொல்றாங்க, செய்யறேன்.”

“இன்னைக்கு மைக்ல சொன்னாரே, அதையும் செய்யுங்க.”

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில் என்னிடம், “மாப்ள, எல்லாரும் கேக்கத்தானே சொன்னாரு?” என்றார்.

மறுநாள் காலை லாரி எங்கள் தெருவுக்கு வந்தது. மாமா சுவர், மரம், கூரை எல்லாவற்றையும் நனைத்தார். போன் அடித்தது.

“எங்கய்யா இருக்க? பார்க் காயுது.”

“தூசி இருக்கற இடத்துல இருக்கேன் சார். நீங்க சொன்னபடி.”

“நான் எப்ப சொன்னேன்?”

“கூட்டத்துல சார். கைதட்டுனோமே.”

அந்த வாரம் முழுக்க அதிகாரி திட்டினார், மாமா “சரிங்க சார்” என்றார், லாரி எங்கள் தெருவுக்கே வந்தது. பலகை மஞ்சளாகி, வெள்ளிக்கிழமை செக்கச்செவேல் என்று ஆனது.

“மெஷின் ரிப்பேர்” என்றார் அதிகாரி, பூங்காவுக்கு வந்த குழுத் தலைவியம்மாவிடம்.

“இத்தனை நாள் நல்லாத்தானே இருந்தது?”

“தினமும் குளிப்பாட்டிக்கிட்டிருந்தேன் மேடம்” என்றார், ஓரமாக நின்ற மாமா. “இந்த வாரம்தான் விட்டுட்டேன்.”

அந்தம்மா எங்கள் தெருவுக்கு நடந்தே வந்தார். ஆலையைப் பார்த்தார், கொடியில் என் சட்டையைப் பார்த்தார், வாண்டு மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். புகைபோக்கி அனுமதியை நிறுத்தினார். இந்தத் தெருவில் மெஷின் வைத்து அளந்த பிறகே மேற்கொண்டு பேச்சு என்றார்.

மாமாவை லாரியிலிருந்து இறக்கி, பழைய டயர் கிடக்கும் கொட்டகைக்குக் காவல் போட்டார்கள். டயர்கள் எதிர்த்துப் பேசுவதில்லை, நிம்மதியாக இருக்கிறது என்கிறார்.

மெஷின் வந்துவிட்டது, எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரிலேயே. மறுநாள் காலை அதைத் தேடிக்கொண்டு லாரியும் வந்தது. புது டிரைவர்.

அக்கா நாற்காலியைத் தூக்கிப் போய் மெஷினுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். வாண்டு மடியில், இன்ஹேலர் கையில்.

“தள்ளுங்கக்கா, நனைஞ்சிடுவீங்க.”

“நாங்க குளிச்சாச்சு தம்பி. அதுவும் இனிமே நாங்க குடிக்கிற காத்தைத்தான் குடிக்கும். வண்டியைத் திருப்பு.”

அவன் போனை எடுத்தான். நான் இன்னொரு நாற்காலி எடுத்து வர உள்ளே போனேன்.