முதல் கோல் வல்லத்துக்கு

1983ஆம் வருஷம் மாசி மாதம் எங்கள் வட்டாரத்தில் பெண்களுக்கான உயர்தரக் கால்பந்து லீக் நடந்தது. மொத்தம் இரண்டு அணிகள், ஒரே ஆட்டம். முதல் ஆட்டமும் அதுதான், இறுதி ஆட்டமும் அதுதான்.

ஆரம்பத்தில் ஒன்பது ஊர்கள் பெயர் கொடுத்திருந்தன. சென்னையில் இருக்கும் ஒரு மகளிர் கால்பந்து மன்றம் அனுப்பிய சுற்றறிக்கையில் 'அரைக்கால் சட்டை' என்ற சொல் நான்காவது பத்தியில்தான் வந்தது. பெயர் கொடுத்தவர்கள் மூன்றாவது பத்தியோடு நிறுத்தியவர்கள். மிச்சத்தையும் படித்த பிறகு ஏழு ஊர்கள் விலகிக்கொண்டன. பென்னலூரும் வல்லம் வடகாலும் மட்டும் விலகவில்லை. தான் விலகினால் மற்ற ஊர் ஜெயித்ததாகிவிடுமே என்ற பயம்தான் காரணம்.

பென்னலூர் அணிக்கு நான் மேலாளர். எனக்குக் கால்பந்து தெரியாது. ஊரில் பி.ஏ. முடித்த முதல் பெண், பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியை. ஆங்கிலத்தில் இருந்த விதிப் புத்தகத்தைப் படிக்க வேறு ஆள் இல்லாததால் என் தலையில் கட்டினார்கள். படித்தேன். பதினேழு விதிகள்.

அணியில் பந்து ஆடத் தெரிந்தவள் ஒருத்திதான். செல்வமேரி, வயது பதினாறு, கொத்து வேலை செய்யும் மரியஜோசப்பின் மகள். மாதா கோயிலுக்குப் பின்னால் அண்ணன்கள் நாலு பேரோடு ஆடி வளர்ந்தவள். மற்ற பத்துப் பேரும் பந்து வந்தால் ஒதுங்கி வழி விடுகிற நல்ல பிள்ளைகள்.

சுற்றறிக்கையின் கடைசி வரியை அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். இறுதி ஆட்டத்தில் மூன்று கோலுக்குக் குறையாமல் போடுகிற பெண்ணுக்குச் சென்னையில் விடுதி, பிளஸ் டூ படிப்பு, பயிற்சி. மரியஜோசப் மகளிடம் கறாராகச் சொல்லியிருந்தார்: இடம் கிடைத்தால் படிக்கலாம், கிடைக்காவிட்டால் ஈஸ்டர் முடிந்த கையோடு கல்யாணம். மாப்பிள்ளை லாரி ஓட்டும் மைக்கேல்ராஜ். கெட்டவன் என்று சொல்ல முடியாது. முப்பத்திரண்டு வயது, அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் வல்லத்திலிருந்து பலராமன் நாலு பேரோடு வந்தார். எல்லையம்மன் திருவிழாவை நடத்துகிறவர். அந்த ஊர் அணிக்கும் அவர்தான் மேலாளர். எங்கள் ஊர்ப் பெரியவர் சுப்பராயன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள்.

"டீச்சரம்மா, அம்மன் திருவிழால மாலையும் பரிவட்டமும் மொதல்ல எந்த ஊருக்கு?" என்று பலராமன் ஆரம்பித்தார்.

"வல்லத்துக்கு."

"அப்புறம்?"

"எங்களுக்கு."

"தெரிஞ்சி வச்சிகினு கீறீங்க, சந்தோஷம். ரெண்டு ஊரும் ஒரு எடத்துல நின்னா மொத மரியாத எங்களுது. அதனால மொத கோலு எங்களுது. அதுக்கப்புறம் நீங்க பத்து போடுங்க, இருவது போடுங்க, இன்னான்னு கேக்க மாட்டோம்."

"இருபது கோல்ல தோத்தா பரவாயில்லையா?"

"தோக்கறது வேற, பின்னால நிக்கறது வேறம்மா."

சுப்பராயன் எகிறிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். "நாயந்தான."

"பெரியப்பா, இது பந்து. மாலை இல்ல."

"எதுவா இருந்தா இன்னா. ரெண்டு ஊரும் ஒண்ணா நிக்கிதுல்ல?"

இருவரும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். பதினெட்டாவது விதி அப்படித்தான் சேர்ந்தது. பி.ஏ.வில் மூன்று வருஷம் அரசியல் சட்டம் படித்தவள் நான். வெற்றிலையை எதிர்த்து எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது என்பதை அங்கே யாரும் சொல்லித்தரவில்லை.

ஆட்டம் சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில், வற்றிப்போன ஏரியில். இரண்டு ஊரும் லாரி பிடித்து வந்திறங்கின. மன்றத்தின் சார்பில் கோதண்டராமன் என்று ஒருவர் வந்திருந்தார். நடுவரும் அவரே, ஆள் தேர்வு செய்கிறவரும் அவரே. ஒரு கையில் விசில், ஒரு கையில் குடை. வெற்றிலை விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

செல்வமேரியைத் தனியே கூப்பிட்டேன். "மொதல்ல அவங்க ஒண்ணு போடட்டும். பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். அப்புறம் உன் பாடு."

"அவளுங்களால முடியாது டீச்சர். பந்தப் பாத்தா கும்புடு போடற கும்பலு. லீலா ஒருத்திதான் ஆடுவா."

லீலா வல்லத்தின் கேப்டன், பலராமனின் மகள்.

அரை மணி நேரம் கொண்ட முதல் பாதி தொடங்கியது. எங்கள் பெண்கள் பந்தை மரியாதையாக எடுத்துப் போய் வல்லத்துப் பெண்களின் காலடியில் வைத்தார்கள். வைத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்தார்கள். ஒருத்தி உதைத்தது நடுவரின் குடையில் பட்டது. இன்னொருத்தி உதைத்ததில் செருப்பு கோலுக்குள் போனது, பந்து போகவில்லை. செருப்பைக் கணக்கில் எடுக்கலாமா என்று சுப்பராயன் என்னிடம் கேட்டார்.

கடைசியில் பந்து லீலாவிடம் போனது. எங்கள் கோலி சரோஜா, சொல்லிக்கொடுத்தபடி, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கம்பத்துக்கு வெளியே போய் உட்கார்ந்தாள். கோல் வாசல் திறந்து கிடந்தது. லீலா பந்தின்மேல் காலை வைத்து நின்றுவிட்டாள்.

"ஏமே, எந்திரிச்சி உள்ள நில்லு."

"முள்ளு குத்திட்ச்சி."

"எடுத்துட்டு வா. நான் நிக்கறேன்."

நின்றாள். உண்மையிலேயே நின்றாள். கோதண்டராமன் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார், பிறகு பாதி நேரத்துக்கு விசில் ஊதினார்.

பலராமன் மகளிடம் ஓடினார். "போடேன்டி. ஊரு மானம்டி."

"ஆளில்லாத கோல்ல போடறதுக்கு நான் இன்னாத்துக்கு நைனா? மாட்ட அவுத்து வுடு, அதுவே போடும்."

கோதண்டராமன் என் பக்கத்தில் வந்து சோடா குடித்தார். "ரெண்டு டீம்லயும் தடுப்பாட்டம் பிரமாதம்மா. ஆனா கோல் போட ஆளே இல்லையே. கோல் எழுதாத வெறும் சீட்டை எடுத்துக்கிட்டு போய் நான் யாரைத் தேர்வு பண்றது?"

செல்வமேரி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

இரண்டாம் பாதியில் லீலாவின் விருப்பப்படி சரோஜாவை உள்ளே நிற்க வைத்தோம், எதையும் பிடிக்காதே என்று சொல்லி. லீலா ஓடிவந்து ஓங்கி அடித்தாள். அழகான அடி. சரோஜா தாவி இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள்.

பென்னலூர் மொத்தமும் அவளைத் திட்டியது. "ஏன்டி புடிச்ச? ஒன்ன யாருடி புடிக்கச் சொன்னது?"

"கை தானா போயிட்ச்சிக்கா" என்று சரோஜா பந்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆறு வாரப் பயிற்சியில் அவள் பிடித்த முதல் பந்து அது.

செல்வமேரி கோட்டோரம் ஓடிவந்தாள். "இன்னும் எவ்ளோ நேரம் கீது டீச்சர்?"

"பதினாலு நிமிஷம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுப்பராயனைப் பார்த்தேன். அவர் விரலைத் தூக்கி 'பொறு' என்றார். பிறந்ததிலிருந்து அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"போடு" என்றேன்.

நடுக்களத்திலிருந்து எடுத்துப் போனாள். நாலு பேரைத் தாண்டினாள், லீலாவை மட்டும் இரண்டு முறை தாண்ட வேண்டியிருந்தது. வல்லத்துக் கோலி கைகூப்பி நிற்க, பந்து உள்ளே போனது.

அடுத்த நிமிஷம் இரண்டு ஊர் ஆண்களும் களத்துக்குள் இறங்கிவிட்டார்கள். கோதண்டராமன் நெகிழ்ந்துபோனார். "கிராமத்துல பெண்கள் கால்பந்துக்கு இவ்வளவு ஆதரவா" என்று சொல்லிக்கொண்டே கூட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டார்.

"வெத்தல மாத்தனது இன்னாத்துக்குய்யா?" என்றார் பலராமன். "அந்த கோல எடு. இல்லன்னா இந்த வருஷம் திருவிழாவே கெடையாது."

சுப்பராயனுக்கு முகம் கறுத்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார். துடைக்கும்போதே ஏதோ தோன்றியிருக்க வேண்டும்.

"பொறு பலராமா. போட்டது யாரு? மரியஜோசப்பு பொண்ணு. அவங்க மாதா கோயிலுக்காரங்க. நம்ம தேர்வடம் புடிக்கறதில்ல, மரியாத வரிசைல அவங்க பேரே இல்ல. வரிசைல இல்லாத ஆளு போட்டா அது எப்டிய்யா பென்னலூர் கோலு ஆவும்?"

பலராமன் தன் நாலு பேரோடு தலையைச் சேர்த்துப் பேசினார். நிமிர்ந்தார். "நாயந்தான். அந்தப் பொண்ணு எத்தினி போட்டாலும் எங்களுக்கு ஆட்சேபண இல்ல. வேற யாரும் தொடக்கூடாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே, வெட்கக்கேடு, சந்தோஷமாகவும் இருந்தது. பன்னிரண்டு நிமிஷம் மிச்சம் இருந்தது, இன்னும் இரண்டு கோல் வேண்டும்.

அப்போதுதான் மரியஜோசப் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "அப்போ என் பொண்ணு இந்த ஊரு இல்லியா?"

"ஊருதாம்பா. வரிசைல இல்ல, அவ்ளோதான்."

"பள்ளிக்கூடத்த யாரு கட்னது? எல்லையம்மன் கோயிலு மதிலு யாரு கட்னது? ரெண்டும் இந்தக் கை. அவ போட்டது பென்னலூர் கோலு. இல்லன்றவன் எம்மூஞ்சப் பாத்து சொல்லு."

அவர் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் நியாயம். அந்த நியாயம் ஜெயித்தால் கோல் ரத்து, விடுதி ரத்து, மகள் மைக்கேல்ராஜ் வீட்டில். நியாயமான ஒரு மனுஷன் தோற்றுப்போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு நாள்தான். கடவுள் என் கோரிக்கையை மகளிடம் அனுப்பிவிட்டார்.

"நைனா," என்றாள் செல்வமேரி. இடுப்பில் பந்து, மூக்கில் புழுதி. "எனக்கு இன்னும் ரெண்டு வேணும். சண்ட போடறதுன்னா ஓரமா போயி போடு. வழில நிக்காத."

"உன்ன இல்லன்றானுங்கடி."

"கேட்டுச்சி. நவுரு."

அவர் நகர்ந்தார். சம்மதித்து நகரவில்லை. மகள் அதற்குள் பந்தைக் கீழே போட்டுவிட்டாள்.

மிச்ச நேரம் பென்னலூரின் பத்துப் பெண்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். வல்லத்துப் பெண்கள் பத்துப் பேர், கணக்கில் வராத கோலைத் தடுப்பானேன் என்று உட்கார்ந்துவிட்டார்கள். லீலா மட்டும் உட்காரவில்லை. உயர்தர லீக் என்று அன்று ஏதாவது நடந்தது என்றால் அந்த இரண்டு பெண்களுக்கு இடையில் நடந்ததுதான். லீலா இரண்டு முறை பந்தைப் பறித்தாள், ஒரு முறை ஆளையே தள்ளினாள். செல்வமேரி முட்டியில் ரத்தத்தோடு எழுந்தாள். மொத்தம் நாலு கோல்.

"நாலாவது மட்டும் ஆஃப்சைடு" என்றாள் லீலா.

"போமே" என்றாள் செல்வமேரி.

கடைசிக் கண்டம் சீட்டு. கோல்களை வரிசை எண் போட்டு எழுதி, இரண்டு மேலாளரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். பலராமன் பேனாவை வாங்க மறுத்தார்.

"ஒண்ணாம் நம்பர்ல பேரு எழுதக்கூடாது. அது எங்க எடம். காலியா வுடுங்க சார்."

"அப்ப இந்த நாலு கோல்?"

"ரெண்டுலேர்ந்து எழுதிக்குங்க."

கோதண்டராமன் ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எழுதினார். பலராமன் கையெழுத்திட்டார். நாலு கோலில் தோற்ற வல்லம் வடகால் வழியெல்லாம் பட்டாசு வெடித்துக்கொண்டு ஊர் திரும்பியது.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருக்கையில், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் கடிதம் வந்தது. ஐந்து கோல் போட்டதற்குப் பாராட்டு என்று ஆரம்பித்தது. சென்னையில் கடைசி எண்ணைத்தான் பார்த்திருக்கிறார்கள். கூடவே தகப்பனார் ஒப்புதல் படிவம். அதில் ஒரு கட்டம்: சொந்த ஊர்.

மரியஜோசப் பேனாவை மூடி வைத்தார். "அன்னிக்கி இல்லன்னுட்டாங்களே டீச்சர். இதுல நான் இன்னா எழுதறது?"

"பென்னலூர்னு எழுதுங்கண்ணா. அவங்க யாரு சொல்றதுக்கு."

"அவங்கதான சொன்னாங்க. அவங்களே சொல்லட்டும்."

படிவத்தோடு நேராகச் சுப்பராயன் வீட்டுக்குப் போனார். பின்னால் செல்வமேரி, அவள் பின்னால் நான். அன்றைக்கே தபாலில் சேர்க்காவிட்டால் இடம் வேறு பெண்ணுக்கு. நாலு மணிக்குத் தபால் எடுத்துவிடுவார்கள், அப்போது மூன்றே முக்கால்.

சுப்பராயன் கட்டத்தைப் படித்தார். பென்னலூர் என்றால் வெற்றிலை பொய்யாகிவிடும். இல்லை என்றால், சென்னை விடுதிக்குப் போகும் முதல் பெண் எங்கள் ஊர்க்காரி இல்லை என்றாகிவிடும். அவளைப் பாராட்டி ஏற்கெனவே பஸ் நிறுத்தத்தில் துணி கட்டச் சொல்லியிருந்தார்.

"பென்னலூர்னே எழுதுப்பா" என்றார் மெதுவாக. "பலராமன் காதுக்குப் போவாம பாத்துக்க."

மரியஜோசப் பேனாவை அவரிடம் நீட்டினார். "நீயே எழுது."

"படிவம் உன்னுது."

"ஊரு உன்னுதுன்னுதான அன்னிக்கி வரிச பேசின. எழுது."

செல்வமேரி என் கையைத் திருப்பி மணி பார்த்தாள். சுப்பராயன் எழுதினார். மரியஜோசப் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எழுத்து சின்னதா கீது."

சுப்பராயன் அதன்மேலேயே இன்னொரு தடவை அழுத்தி எழுதினார். மை மறுபக்கம் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் மரியஜோசப் கையெழுத்துப் போட்டார். அவர் கடைசி எழுத்தை முடிப்பதற்குள் செல்வமேரி காகிதத்தை உருவிக்கொண்டு தபால் பெட்டிக்கு ஓடினாள்.