ஜன்னலில் ஒரு தூசி

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெருவில் யார் கண்ணுக்கு என்ன பவர் என்பது மனப்பாடம். அவருடைய சொந்தக் கண் மட்டும் எப்போதும் வானத்தில் இருக்கும். வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, "கீழ் வரியைப் படிங்க" என்பார். அந்த நேரம் பார்த்து மேலே சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிவிடுவார். வந்தவர் கீழ் வரியைச் சுவருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருப்பார். "ரெண்டு இன்ஜின்தான், தினம் வர்றது" என்று சலித்துக்கொண்டே திரும்பி வந்து சோதனையைத் தொடருவார்.

இந்தப் பைத்தியம் இவர் ஒருத்தருக்குத்தான் என்று நினைத்துவிட வேண்டாம். இனம் இனத்தோடு சேரும். விமான நிலையத்தை ஒட்டிய கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டைமாடியில், விடுமுறை நாள் தவறாமல் ஒரு கூட்டம் கேமராவும் கையுமாகக் கூடும். தலைவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருக்கு அடுத்த இடத்துக்குப் பல் டாக்டருக்கும் கண்ணாடிக்கடைக்காரருக்கும் நிரந்தரப் போட்டி. இறங்குகிற விமானத்தின் சக்கரங்களைப் பல் டாக்டர் பல்லை எண்ணுவது போலவே எண்ணுவார். இவர்கள் பேச்சில் விமானத்துக்கு இன்ஜின் உண்டு, வால் உண்டு, வாலில் பழைய பெயின்ட்டா புதுப் பெயின்ட்டா என்ற தகராறு உண்டு. உள்ளே மனிதர்கள் இருப்பதாக ஒரு வார்த்தை வராது. அதெல்லாம் அவர்கள் கணக்கில் வெறும் எடை.

கூட்டத்துக்கு ஒரு இணையதளமும் இருந்தது. அதில் ஒரு படம் ஏறுவது லேசுப்பட்ட காரியமல்ல. வாத்தியார் படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாக மேய்வார். விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்குமா? "சாய்வு." "மங்கல்." எல்லாவற்றுக்கும் மேலாக, "தூசி. துடைத்துவிட்டு மறுபடி அனுப்பவும்." கேமராவுக்குள் புகுந்த தூசி படத்தில் புள்ளியாக விழும். அதைப் போனிலேயே துடைத்துச் சுத்தமாக்கி அனுப்புவதில் கண்ணாடிக்கடைக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரே விமானத்தைப் பத்துப் பேர் எடுத்தாலும், முதலில் வந்த சுத்தமான படம்தான் தளத்தின் முகப்பில் நிற்கும். உலகத்தில் இதைவிடப் பெரிய பதவி இருப்பதாக அவர் நம்பவில்லை.

அவருக்கு ஒரே மகள். மூன்று வருடம் முன்பு வேலைக்காக வெளிநாடு கிளம்பியபோது, நிலைய வாசலில் அம்மா மட்டும் நின்று கையசைத்தாள். அப்பா மொட்டைமாடியில் நின்று, மகள் ஏறிய விமானத்தைப் பதினெட்டுக் கோணத்தில் எடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் மகள் திரும்பித் திரும்பித் தேடினாள் என்று மனைவி பிறகு சொன்னபோது, அவருக்கு உண்மையிலேயே சுருக்கென்றது. அதை அவர் மறக்கவில்லை. அதனால்தான் மகள் வருகிறாள் என்றதும், "இந்தத் தடவை வாசல்லதான் நிப்பேன். நீ வெளியே வந்ததும் முதல்ல பாக்கறது என் மூஞ்சியைத்தான்" என்று வாக்குக் கொடுத்தார்.

"ஜன்னல் சீட் போட்டிருக்கேன்பா" என்றாள் மகள் போனில்.

"எந்தப் பக்கம்? இறக்கைக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"இடது பக்கம், இறக்கைக்கு முன்னால. மூணு வருஷம் கழிச்சு வரேன். நல்லா இருக்கியான்னு கேளுங்கப்பா."

"அதான் வரப்போறியே. நேர்ல பாத்துக்கலாம்" என்றார்.

வருகிற நாள் காலையில், கூட்டத்தின் வாட்சாப்பில் வாத்தியார் குண்டைத் தூக்கிப் போட்டார். வழக்கமாக அந்தத் தடத்தில் வருகிற விமானத்துக்குப் பதிலாக, பழைய நாலு இன்ஜின் விமானம் வருகிறதாம். ஓய்வு கொடுக்கும் முன் இதுதான் அதன் கடைசிப் பறப்பாம். மகள் வருகிற அதே விமானம். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது என்று அவர் நினைத்தார். விழுந்தது பழமல்ல என்று மனைவிக்கு அப்போதே தெரிந்தது.

"மாடிக்குப் போகப் போறீங்களா?" என்றாள் மனைவி, வீட்டு வாசலில் கேமராப் பையை மறித்துக்கொண்டு.

"இறங்கி, பாஸ்போர்ட் காட்டி, பெட்டி வாங்கி வெளியே வர ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள பத்துத் தடவை மாடியிலேருந்து இறங்கிடலாம்."

"நீங்க ஏறினதை நான் பாத்திருக்கேன். இறங்கினதைப் பாத்ததில்ல."

மாடியில் திருவிழாக் கூட்டம். விமானம் தாழ்ந்து, ஓடுபாதையைத் தொட்டு, ஓட்டம் அடங்கி, கட்டடத்துக்கு எதிரே இடது பக்கத்தை முழுசாகக் காட்டியபடி மெல்ல நகர்ந்தது. கண்ணாடிக்கடைக்காரர் தன் ஆரஞ்சுத் தொப்பியைப் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சுட்டுத் தள்ளினார். எடுத்ததில் ஒன்று அமைந்துவிட்டது. இடது இறக்கையின் ரெண்டு இன்ஜினும் பளிச்சென்று தெரிந்தன, வெளிச்சம் வாகாக விழுந்திருந்தது. பக்கத்தில் பல் டாக்டர் தன் கேமராவைக் குனிந்து பார்ப்பதைக் கண்டதும் இவருக்கு அவசரம் பிறந்தது. படத்தைப் போனுக்கு மாற்றிக்கொண்டு, படிக்கட்டு ஓரமாக உட்கார்ந்தார்.

பெரிதாக்கினார். அங்கேதான் இடித்தது. இறக்கைக்கு முன்னால் ஒரு ஜன்னலில் மஞ்சளாக ஏதோ திட்டு. தூசி மஞ்சளாக இருக்காது. எந்த அறிவுகெட்ட ஜென்மமோ ஜன்னலில் துணியைத் தொங்கப் போட்டிருக்கிறது, கடைசிப் பறப்பு என்ற மரியாதைகூட இல்லாமல்! வாத்தியார் கண்ணில் பட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். விரலால் நாலு தேய் தேய்த்தார். ஜன்னல் கறுப்பாக, மற்ற ஜன்னல்களைப் போலவே சுத்தமானது.

அனுப்பத் தொடங்கியபோது போன் அடித்தது. பேச எடுத்தால் படம் ஏறுவது நின்றுவிடும். யாரென்று பார்க்காமலே வெட்டினார். மறுபடி அடித்தது, மறுபடி வெட்டினார். படம் ஏறியது. முகப்பில் நின்றது. முதல் ஆள். பல் டாக்டர் வந்து, கசப்பு மருந்து குடித்த முகத்தோடு கைகொடுத்தார். பிறகு இரண்டாவது இன்ஜினின் மூடி புதுசா பழசா என்று ஒரு விவாதம் எழுந்தது. அதில் வாயைக் கொடுத்தவர் கடைசியாகப் போனை எடுத்தபோது, மனைவியின் செய்தி ஒன்றே ஒன்று இருந்தது.

"பொண்ணு தனியா டாக்ஸி பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டா. கைப்பை மட்டும்தான் கொண்டு வந்திருக்கா. நீங்க மெதுவா வாங்க."

அந்த 'மெதுவா' அவரைப் படிக்கட்டில் மூன்று மூன்று படியாக இறக்கியது.

மகள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் ஸ்கார்ஃப். அதைப் பார்த்ததுமே அவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"ரெண்டு தடவை போன் பண்ணேன்பா. நீங்க எடுக்கலை" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "பரவாயில்ல. மாடியில நீங்க நின்னது எனக்குத் தெரிஞ்சுது. அந்த ஆரஞ்சுத் தொப்பி. ஜன்னல்லேருந்து இதை ஆட்டிக்கிட்டே வந்தேன். கண்ல படட்டும்னுதான் மஞ்சளா வாங்கினேன். பாத்தீங்களா?"

பொய் சொல்ல வாய் வந்தது. முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பது?

"பாத்தேன்மா" என்றார். "பாத்துட்டுத் துடைச்சிட்டேன். அழுக்குன்னு நினைச்சு."

மனைவி தட்டைக் கழுவுவதை நிறுத்தினாள்.  மகள், "துடைக்காதது கேமராவுல இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. இருவரும் தலையைச் சேர்த்து வைத்துக் கேமராவின் சின்னத் திரையில் பார்த்தார்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் மஞ்சள் திட்டு, அதன் பக்கத்தில் ஒரு முகம் என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று. அவள் சிரித்தாள். அவரால் சிரிக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகப்பில் இருந்த படத்தை நீக்கிவிட்டு, துடைக்காத படத்தை அனுப்பினார். அரை மணியில் வாத்தியார் திருப்பினார். "ஜன்னலில் மஞ்சள் கறை. துடைத்துவிட்டு மறுபடி அனுப்பவும்." முகப்பில் பல் டாக்டரின் படம் ஏறிக்கொண்டது.

விடுப்பு முடிந்து மகள் கிளம்பிய அன்று, அவர் கேமரா இல்லாமல் வாசலில் நின்றார். அவள் உள்ளே போய் மறைந்த பிறகும் நின்றார். மேலே சத்தம் எழுந்தபோது தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் எத்தனை இன்ஜின் என்று எண்ணியது. பழக்கதோஷம், அதை என்ன செய்ய?

இப்போது துடைக்காத அந்தப் படம் பெரிதாகி, கடையில் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கீழ் வரியைப் படித்து முடித்ததும், "இறக்கைக்கு முன்னால அந்த ஜன்னல்ல என்ன தெரியுது?" என்று கேட்பார். "யாரோ கை ஆட்டுறாங்க" என்பவர்களை, "உங்களுக்குக் கண்ணாடி வேண்டாம், போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். வியாபாரம் படுத்துவிட்டது என்று மனைவி திட்டுகிறாள்.

போன வாரம் பல் டாக்டர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து படத்தை உற்றுப் பார்த்தார். எழுந்து போய்க் கிட்டத்தில் நின்று பார்த்தார்.

"ஜன்னல்ல என்ன தெரியுது டாக்டர்?"

"ஜன்னலை விடுங்க. நான் அன்னைக்கே சொன்னேன்ல, ரெண்டாவது இன்ஜின் மூடி புதுசுன்னு."

கண்ணாடிக்கடைக்காரர் அவரைக் கையைப் பிடித்து மெதுவாக நாற்காலிக்குக் கூட்டி வந்தார். கடையில் இருப்பதிலேயே தடிமனான கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.