வியாழக்கிழமைப் புளிப்பு

ஒடீல் பீப்பாயின் அடைப்பைப் பிடுங்கினாள். கண்ணாடிக் குழலால் ஒயினை உறிஞ்சி எடுத்து, தம்பி திபோவின் கிளாஸில் விட்டாள். ஆறு மாதம் கழித்து இன்றுதான் அவன் இந்த நிலவறைக்குள் இறங்கியிருக்கிறான். பிடித்திருந்தால் பழையபடி சேர்ந்து செய்யலாம். இல்லாவிட்டால் தோட்டத்தில் தன் பாதியைப் பக்கத்துக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவான். போனிலேயே சொல்லிவிட்டான்.

சண்டை அறுவடை நாளைப் பற்றித்தான். செப்டம்பரில் தினமும் காலையில் திபோ ஷார்டனே திராட்சையை மென்று, விதையைக் கடித்துப் பக்குவம் பார்ப்பான். "வியாழக்கிழமை அறுத்துடணும்க்கா" என்றான். ஒடீல் கேட்கவில்லை. முந்தின வருடம் பாரிஸ் வியாபாரி ஒருவர் அவள் ஒயினைக் குடித்து முகம் சுளித்தது நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. புளிப்பு ஒயினுக்கே பேர்போன ஷாப்லியில் பிறந்துவிட்டு, குளிரும் சுண்ணாம்பு மண்ணும் கொடுக்கிற அந்தப் புளிப்புக்கே வெட்கப்பட்டாள். இன்னும் ஐந்து நாள் வெயில் படட்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். திபோ வியாழனன்றே கத்திரியை வைத்துவிட்டுப் போய்விட்டான். செவ்வாயன்று அவன் பாதியையும் சேர்த்து அவளே அறுத்தாள். பழம் தேனாக இனித்தது. ஒயினோ கொழகொழவென்று, துடிப்பே இல்லாமல் நாக்கில் படுத்துக்கொண்டது.

"நெறம் நல்லாத்தான் இருக்கு. பாரிஸ்காரர் கூத்தாடப் போறாரு" என்று திபோ சீண்டினான். அவன் சீண்டியதே ஒடீலுக்குப் பாதி உயிர் வந்த மாதிரி இருந்தது.

ஒரு வாய் எடுத்து, கன்னத்துக்குள் அலசி, ஓரமாகத் துப்பினான். இன்னொரு வாய். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"புளிப்பு தனியா நிக்குதேக்கா. பழம் ஒரு பக்கம், புளிப்பு ஒரு பக்கம். புளிப்புப் பொடி போட்டியா?"

"கொஞ்சம்தான்டா. ஊர்ல போடாதவங்க யாரு?"

"போட்டது தப்புன்னு சொன்னேனா? தப்பாப் போச்சுடா, வந்து பாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேன்ல?"

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஒடீலுக்கு ஆறு மாதம் இருந்தது. அதற்குப் பதில் அவள் பொடி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள்.

ருசி பார்த்து மீந்ததைப் பீப்பாயிலேயே திருப்பி ஊற்றுவது வீட்டு வழக்கம். வாங்க வருகிற வியாபாரிகள்தான் தரையில் கொட்டுவார்கள். திபோ கிளாஸைப் பீப்பாயின் வாய்க்கு மேலே கொண்டுபோனான். ஒடீல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவன் கையை விலக்கி, தரைச் சரளையில் மெல்லச் சாய்த்தான்.

"வர்றேன்க்கா."

அவன் படியேறிப் போன பிறகும் ஒடீல் அடைப்பைக் கையில் வைத்தபடியே நின்றாள். காலடியில் சரளை அந்த ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தது.