மூன்று அலுவலகமும் ஒரு தாயின் காதும்

பேர்லினில் நொய்கெல்ன் பகுதியில் வசித்த சுலோஜனாவின் மகள் ஆதிரை எட்டு வயது வரை தாயின் காதால்தான் கேட்டாள். அவளுடைய சொந்தக் காதில் ஒரு சத்தமும் ஏறவில்லை. சுலோஜனா முதியோர் இல்லத்தில் தரை துடைத்துக்கொண்டிருக்கும்போது யூபான் என்ற சுரங்க ரயிலில் நான்கு நிறுத்தம் தள்ளிப் பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைக்கு வாளி உரசும் சத்தம் கேட்டது. ஆசிரியர் சொன்னது கேட்கவில்லை. அதனால் ஆதிரையின் ஜெர்மன் கிழவிகளின் ஜெர்மனாக இருந்தது. இரத்த அழுத்தக் குளிசைகளின் பெயர்கள் அத்தனையும் தெரியும், பெருக்கல் வாய்பாடு தெரியாது. தகப்பன் மதீசன் பஸ் ஓட்டுகிறவர். மகளோடு பேச வேண்டுமென்றால் மனைவிக்கு ஃபோன் எடுத்து, "பிள்ளை, சாப்பிட்டியோ?" என்று கேட்பார். பிள்ளை வகுப்பில் இருந்தபடியே "ஓம் அப்பா" என்று உரக்கச் சொல்லும். அந்தப் பதில் அவருக்குக் கேட்காதது பற்றி இருவருமே கவலைப்படவில்லை.

சுலோஜனாவுக்கு இது பெருமை. மற்ற அம்மாமார் பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள், நான் காதே கொடுத்தேன் என்ற எண்ணம் அவளுக்குள் நன்றாக ஊறிப்போயிருந்தது. அதைத்தான் அவள் யாரோடும் பங்குபோட விரும்பவில்லை.

சிக்கல் அலுவலகங்களில் தொடங்கியது. நோய்க்காப்புறுதிக்காரர் சோதித்தபோது பிள்ளை தாயின் மடியில் இருந்தது, எல்லாச் சத்தத்துக்கும் கை தூக்கியது. நல்ல காது என்று எழுதினார்கள். பள்ளிக்கூட அலுவலகம் சோதித்தபோது தாய் வேலையில் நின்றாள். முழுச் செவிடு என்று எழுதினார்கள். இளைஞர் நல அலுவலகம் இரண்டு கடுதாசியையும் பார்த்துவிட்டு மூன்றாவது ஒன்றை எழுதித் தரும்படி கேட்டது. தாயின் காது பற்றி ஒரு வைத்தியர் குறிப்பெழுதினார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் அது அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொருவரும் அடுத்தவரின் பொறுப்பு என்று தள்ளிவிட, மூன்று வருடம் காது கேட்கும் கருவி வரவில்லை. கோடை விடுமுறைக்குள் கருவி பூட்டாவிட்டால் ஆதிரையை இன்னொரு வருடம் அதே வகுப்பில் இருத்துவோம் என்று பள்ளிக்கூடம் கடிதம் போட்டது.

அப்போதுதான் வீடுவீடாக வரும் செவிப்புல ஆசிரியை குறூகர் வந்தார். நரைத்த தலை, சைக்கிள், வாயில் எப்போதும் ஒரு மிட்டாய். பிள்ளைகளுக்கும் இளையோருக்குமான காதுச் சேவையை மூன்று அலுவலகமும் சேர்ந்தே ஒழுங்கு செய்தால் என்ன, ஒரு சோதனை, ஒரு மேசை, ஒரு கையெழுத்துக் கடுதாசி என்று அவர்தான் மூன்று பேரையும் இருத்திக் கதைத்தார். அவர்களும் ஓமென்றார்கள். சுலோஜனாவுக்குப் பிடிக்காமல் போனது அதல்ல. அந்த மனுசி ஆதிரைக்குக் கைச்சைகை பழக்கினார். இரண்டு பேரும் ஒரு சத்தமும் இல்லாமல் கைகளால் கதைத்து, வயிறு குலுங்கச் சிரித்தார்கள். என்ன பகிடி என்று சுலோஜனாவுக்கு விளங்கவில்லை. தன் காது தேவைப்படாத ஒரு சிரிப்பு தன் வீட்டுக் கதிரையிலேயே இருந்து சிரிப்பதைப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. மறுநாள் முதியோர் இல்லத்து நடைபாதையைத் துடைக்கும்போது, "நரைமயிர்க்காரி, என்ரை பிள்ளையைக் களவெடுக்க வந்தவள்" என்று முணுமுணுத்தாள். பிறகு தினமும் முணுமுணுத்தாள். வரவர ஏச்சு நீண்டுகொண்டே போனது.

கூட்டுச் சோதனைக்கு டெர்மீன் குறித்துக் கொடுத்த நாள் ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்று அலுவலகத்திலிருந்தும் ஆள் வந்திருந்தது. காலையில் சுலோஜனா சாமித்தட்டில் விளக்குத்திரிக்கு வைத்திருந்த பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் இறுக அடைத்து, மேலே தலைமயிரை இழுத்துவிட்டாள். உலகம் திடீரென்று அடைத்துப்போனால் பிள்ளை பயந்து, எல்லார் முன்னாலும் அம்மா என்று கத்தித் தன்னிடம் ஓடிவரும், அந்த நரைமயிர்க்காரி பார்த்துக்கொண்டு நிற்பாள் என்பது அவளுடைய கணக்கு. காதுச் சோதனைக்கு வைத்திருந்த ஒலிப்பெட்டிகள் கூவின. ஆதிரையின் கை மடியிலேயே கிடந்தது. அவள் கத்தவில்லை. தாயை ஒருதரம் பார்த்தாள், பிறகு ஆசிரியையிடம் திரும்பி, ஒன்றும் இல்லை என்று சைகை காட்டினாள். திரையில் கோடு நேராக ஓடியது. மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக எல்லாருக்கும் ஒரே முடிவு கிடைத்ததில் அலுவலகக்காரருக்குப் பெரும் நிம்மதி. அந்த மேசையிலேயே மூவரும் கையெழுத்து வைத்தார்கள். சுலோஜனாவும் வைத்தாள், வேறு வழியில்லை. பஞ்சு காதில் இருந்ததால் அவர்கள் வாழ்த்தியதும் அவளுக்குக் கேட்கவில்லை.

கருவி பூட்டிய அன்றே தாயின் காது ஆதிரையிடமிருந்து கழன்றுவிட்டது. வீடு திரும்பும் பஸ்ஸில் பிள்ளை கொஞ்ச நேரம் கதவு மூடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, நீங்கள் வேலையிலை நிண்டு குறூகரை ஏசினதெல்லாம் எனக்குக் கேட்டது."

சுலோஜனா பிள்ளையின் பக்கம் திரும்பினாள். "எல்லாமோ?"

"எல்லாம். ஆனா அவவுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் பாவமெண்டு விட்டிட்டன்."

மூன்று அலுவலகமும் கோப்பில் "இதுவரை தாயின் செவி, இனிச் சொந்தச் செவி" என்று புதிதாக ஒரு கட்டம் போட்டு எழுதி மூடின. ஆதிரை நான்காம் வகுப்புக்குப் போனாள். சுலோஜனா அடுத்த திங்கட்கிழமை நடைபாதையைத் துடைக்கும்போது பழக்கத்தில் "நரைமயிர்க்காரி" என்று தொடங்கினாள். கேட்க யாரும் இல்லை. மிச்சத்தைச் சொல்ல மனம் வரவில்லை, தரை துடைக்கும் துணியைப் பிழிந்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.