முதல் புதன்கிழமைச் சங்கு

மார்ச் பிறந்தும் பிறக்காமலும் அமெரிக்காவின் அலபாமாவில் ஆண்கள் அரைக்கால் சட்டைக்கு மாறிவிட்டார்கள். பீச் மரங்கள் அவசரப்பட்டுப் பூத்துத் தொலைத்திருந்தன. வெர்லீனுக்கு மட்டும் அந்த வெயில் பிடிக்கவில்லை. இந்தப் பருவத்தில் இப்படிப் புழுங்கினால் பின்னாலேயே சுழல்காற்று வரும். புதன்கிழமை வரலாம் என்று டிவியிலும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அவர்களுடையது லாரியில் இழுத்துவந்து நிறுத்திய தகர வீடு. சுழல்காற்றுக்கு அது தீப்பெட்டி. அதனால்தான் வீட்டுப் பக்கவாட்டில் ஒரு பதுங்குகுழி வெட்டியிருந்தார்கள். ஆனால் அவள் புருஷன் டாயில், ஊரின் எச்சரிக்கைச் சைரன் கேட்டால் வாசலுக்குப் போகிறவன். அந்த ஊர் ஆண்களுக்கெல்லாம் அந்தக் கிறுக்கு உண்டு. காற்று வருவதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

புதன் நண்பகலில் சைரன் அலறியது. டாயில் வாசல் நாற்காலியில் காலை நீட்டிக் கிடந்தான்.

“எந்திரிய்யா, குழிக்குப் போவோம்!”

“மாசத்துல முதல் புதன், உச்சிப்பொழுது. வழக்கமான சைரன் டெஸ்ட்டுடி.”

“வானம் இப்படி இருந்தா டெஸ்ட் வைக்க மாட்டாங்கய்யா, மறந்துட்டியா?”

“நீ போ. பாத்துட்டு வர்றேன்.”

அவள் ஓடிப்போய்க் குழியின் கதவைத் திறந்தாள். திரும்பிப் பார்த்தால் அவன் அசையவில்லை. மேற்கே வானம், சுழல்காற்று நெருங்கும்போது ஆவதுபோல, பச்சையாகியிருந்தது. பயத்தைவிட ஆத்திரம்தான் பொங்கியது. விடுவிடுவென்று வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“என்னடி பண்றே?”

“நானும் பாக்கறேன். உனக்கு ஊதுற சங்கு எனக்கும் சேத்தே ஊதட்டும்.”

அவள் நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டதை அவன் பார்த்தான்.

“எந்திரிடி, கிறுக்கச்சி!”

“நீ எந்திரிச்சா நான் எந்திரிப்பேன்.”

ரோட்டோரம் மின்கம்பம் ஒன்று சாய்ந்தது. அவன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான்.

காற்று அடங்கிக் குழியிலிருந்து வெளியே வந்தபோது வீடு கோணலாக நின்றது. வாசல்மேல் பைன் மரம் விழுந்து, இரண்டு நாற்காலிகளும் அப்பளமாகியிருந்தன.

அடுத்த மாதம் முதல் புதன், வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. வெர்லீன் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சைரன் ஊதியது. வாசலைப் பார்த்தாள், அவனைக் காணோம்.

“வெர்லீன், சீக்கிரம் வாடி!” குரல் குழிக்குள்ளிருந்து வந்தது.

“டெஸ்ட்டுய்யா இது!”

“தெரியும். நீ வா.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஈரத்துணியைக் கூடையிலேயே போட்டுவிட்டுப் போனாள்.